எழுபது குறிக்குள் ஒரு புயல் எச்சரிக்கை

சென்னையில் நிரலாளர்கள் கூடிப் பேசும் வழக்கம் தொடங்கிக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. 1998ல் உருவான லினக்ஸ் பயனர் குழு மாதாமாதம் ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடியது. பைத்தான் மொழியில் வேலை செய்பவர்கள் சென்னைபை என்ற பெயரில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறார்கள். 2009ல் பெங்களூரில் முதன்முதலாக நடந்த பைகான் இந்தியா, பத்தாண்டு கழித்து 2019 அக்டோபரில் சென்னைக்கு வந்தது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் குழுக்கள் இயங்குகின்றன. இந்தக் கூட்டங்களில் மேடையேறிப் பேசுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்தான் அவர்களை வார இறுதியில் வீட்டை விட்டுக் கிளப்புகிறது. நம் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் பழக்கம் இது. அதனால்தான் இதற்குள் நடக்கும் ஒரு பெரிய வீணடிப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இருபது வருடம் நிரல் எழுதியவர் மேடையேறுகிறார். நாற்பது நிமிடம் பேசுகிறார். அதில் முப்பத்தைந்து நிமிடம் ஒரு புதிய கருவியைப் பற்றியதாக இருக்கிறது: எப்படி நிறுவுவது, முந்தைய கருவியைவிட எவ்வளவு வேகம், பத்து வரியில் என்னவெல்லாம் செய்யலாம். இதைப் பேச இருபது வருட அனுபவம் தேவையில்லை. இரண்டு வருடம் வேலை செய்த துடிப்பான ஒருவர் இதே பேச்சை இன்னும் நன்றாகவே பேசுவார். கருவிகளின் ஆயுள் குறைவு. ஒரு காலத்தில் அரங்கு நிறைந்து கேட்ட தலைப்புகளில் பல இன்று யாருக்கும் தேவைப்படாதவை. ஆனால் அனுபவசாலியிடம் மட்டுமே இருக்கும் ஒன்று உண்டு. எழுதிய நிரல் எந்த மனிதரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே அது எப்படி உதவாமல் போனது, அதைப் பார்த்தபின் எந்த முடிவை ஏன் மாற்றினோம் என்ற அறிவு அது. அந்த அறிவு மேடைக்கு வருவதே இல்லை, வந்தாலும் கடைசி ஐந்து நிமிடத்தில் அவசரமாகச் சொல்லி முடிக்கப்படுகிறது. என் வாதம் இதுதான்: சமூக மாநாடுகளில் மூத்தவர்கள் பேச வேண்டிய முதல் விஷயம் அந்த அறிவு. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டி, பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்கள் போதும்.

முதலில், பார்க்கச் சின்னதாகத் தெரியும் ஒரு விஷயம். மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கையைக் கைபேசியில் அனுப்ப வேண்டும் என்றால் எவருக்கும் முதலில் தோன்றுவது எஸ்.எம்.எஸ். ஒரு எஸ்.எம்.எஸ். என்பது 140 பைட். ஆங்கில எழுத்தானால் அதில் 160 அடங்கும். தமிழை யூனிகோடில் அனுப்பினால் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட், ஆக 70 குறிதான். நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவது கணினிக்குப் பல நேரம் இரண்டு குறி. ‘லு’ என்பது லகரமும் உகரக் குறியும். ‘க்’ என்பது ககரமும் புள்ளியும். ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற மூன்று சொற்களில் கண்ணுக்குத் தெரிவது 13 எழுத்தும் இரண்டு இடைவெளியும். கணினி எண்ணுவது 25 குறி. ஒரு முற்றுப்புள்ளி, ஓர் இடைவெளி, அடுத்து ‘மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று’ என்று சேர்த்தால் 66 ஆகிவிடும். மிச்சம் நான்கு குறி. எந்தத் தேதியில், எந்தக் கரையில், எத்தனை மணி வரை என்பதையெல்லாம் அந்த நான்கில் எழுத முடியாது. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘லோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டாக உடைத்தும் சேமிக்கலாம். யூனிகோடுக்கு இரண்டும் ஒன்றுதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு செய்திகளில் ஒன்று 70க்குள் அடங்கி, மற்றது தாண்டிவிடலாம்.

தாண்டினால் செய்தி இரண்டாக உடையும். உடைந்த துண்டுகளைச் சேர்க்கும் தகவலுக்கே ஆறு பைட் போய்விடுவதால் ஒரு துண்டுக்கு 67 குறிதான் மிஞ்சும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் முதல் துண்டு வராமல் இரண்டாவது மட்டும் வந்து சேரலாம். ‘கடலுக்குச் செல்ல’ என்பது ஒரு துண்டிலும் ‘வேண்டாம்’ என்பது இன்னொன்றிலும் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால், இது வெறும் எழுத்துக் கணக்கு இல்லை என்பது புரியும். தமிழ் எழுத்துரு இல்லாத பழைய கைபேசிகளில் இதே செய்தி வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலமும் இருந்தது. அப்போது ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புவது ஒரு வழியாக இருந்தது. இடமும் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் படிப்பவர் யார்? தமிழ் எழுத்து மட்டும் தெரிந்தவருக்கு அது பயன்படாது. எந்த எழுத்தும் தெரியாதவருக்கு இரண்டுமே பயன்படாது. அவருக்குக் குரல் செய்திதான் ஒரே வழி. இந்த அளவுகளெல்லாம் தர நிர்ணய ஆவணங்களில் இருக்கின்றன. ஆனால் எச்சரிக்கையின் முக்கியச் சொல்லை முதல் இருபது குறிக்குள் வைக்க வேண்டும், மறுக்கும் சொல்லைத் துண்டு உடையும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. மூத்தவர் ஒருவர் சொன்னால்தான் உண்டு.

கைபேசிச் செய்திக்கு முந்தைய கட்டத்தையும் பார்க்க வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத் தகவலை எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினி, இணைய இணைப்பு, தரவு எல்லாம் இருந்தும், ஊர் முழுக்கத் தகவலைக் கொண்டுசேர்த்தது கம்பத்தில் கட்டிய குழாய்தான். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு என்ற இன்னொரு ஊரில் இதன் முழு அர்த்தமும் தெரிந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்த சுனாமித் தகவல், மையத்தின் ஒலிபெருக்கி வழியாக ஊருக்குச் சொல்லப்பட்டது. மக்கள் கரையை விட்டு விலகி உயிர் தப்பினார்கள். அந்த எச்சரிக்கையை எந்த நிரலும் கணிக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை வந்தால் அதை ஊருக்குச் சொல்லும் பழக்கமும், அந்தக் குரலை நம்பும் பழக்கமும் சில வருடங்களாக அங்கே வளர்ந்திருந்தன. மென்பொருள் மாநாட்டில் இதை ஒரு வழக்காக எடுத்து ஒரு மணி நேரம் விவாதித்தால், செய்தி அனுப்பும் அமைப்புகளை வடிவமைப்பவர்கள் எத்தனையோ கற்றுக்கொள்வார்கள். கடைசி நூறு மீட்டரை யார் கடக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து வடிவமைப்பைத் தொடங்க வேண்டும் என்பதற்கு நம் கரையிலேயே இதைவிட நல்ல சான்று கிடையாது.

பழவேற்காட்டுக்கு வருவோம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. கடலின் நிறத்தை அளக்கும் ஓஷன்சாட்-2 2009 செப்டம்பரிலும், ஓஷன்சாட்-3 2022 நவம்பரிலும் அந்தத் தீவிலிருந்தே ஏவப்பட்டன. இப்படிப்பட்ட செயற்கைக்கோள்கள் தரும் பச்சையத்தின் அளவையும் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் சேர்த்துத்தான் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. இறங்குதளத்திலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஆழம் என்று அறிவிப்பு சொல்லும். ஆழத்தைப் பாகக் கணக்கில் எண்ணிப் பழகிய படகோட்டிக்கு மீட்டரைப் பாகமாக மாற்றிக் காட்டுவது ஒரு வரி நிரல்தான். அந்த ஒரு வரி தேவை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கரைக்குப் போக வேண்டியிருக்கிறது.

கண்ணுக்கு முன்னால் ஏவப்பட்ட செயற்கைக்கோள், ஏரிக்குள் வலை வீசுபவருக்கு எதுவும் சொல்வதில்லை. காரணம் அலட்சியம் அன்று, இயற்பியல். நீல ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பச்சையத்தைக் கணிக்கும் வழிமுறைகள் ஆழமான, தெளிந்த கடல்நீருக்காக எழுதப்பட்டவை. பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லாத, வண்டல் கலங்கிய ஏரியில் சேறும் தரையும் திருப்பி அனுப்பும் ஒளியை அந்தக் கணக்கு பச்சையம் என்று எண்ணிவிடும். அதனால் அறிவிப்புகள் கடலோடு நின்றுவிடுகின்றன. ஏரிக்காரருக்கு வேண்டிய கேள்விகளே வேறு: முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மண் மேடிட்டு அடைத்துக்கொண்டதா? ஆரணி ஆறு, காளங்கி, சுவர்ணமுகி வழியே எவ்வளவு நன்னீர் வந்திருக்கிறது? உப்பு எவ்வளவு? இறால் எப்போது கடலை நோக்கி இறங்கும்? இவற்றில் எதற்கும் அந்த அறிவிப்பில் பதில் இல்லை. ஏரியில் நிற்பவரிடம் கேட்டால்தான் கிடைக்கும்.

இதில் நிரலாளர் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. மேகம் மூடிய நாளில் வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்புக் கருவிக்குக் கடல் தெரியாது. அன்று அறிவிப்பு இருக்காது. அறிவிப்பைக் காட்டும் ஆப்பைத் திறந்தால் வெறும் வரைபடம். ‘இன்று தரவு இல்லை’ என்பதும் ‘இன்று மீன் இல்லை’ என்பதும் வேறு. டேட்டாபேஸில் முதலாவது வெற்று மதிப்பு, பூஜ்யம் இல்லை. இந்த வேறுபாட்டை நாம் எல்லோரும் முதல் வருடத்திலேயே படித்தவர்கள். ஆனால் திரையில் இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும்படி விட்டுவிடுகிறோம். ஏரிக்குப்பத்தில் அந்த ஆப்பைத் திறப்பவருக்கு வருடம் முழுக்க வெள்ளைதான். அவர் அதை எப்படிப் படிப்பார்? தன் ஏரி கணக்கிலேயே இல்லை என்று படிப்பாரா, தன் ஏரியில் எதுவும் இல்லை என்று படிப்பாரா? ‘இந்த அறிவிப்பு ஏரிக்குப் பொருந்தாது’ என்று ஒரு வாக்கியத்தைத் திரையில் போடுவது பத்து நிமிட வேலை. அதைப் போடத் தோன்றுவதுதான் அனுபவம். மாநாட்டில் ஒருவர் இந்த ஒரு திரையை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘இல்லை’ என்பதை எத்தனை விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று விளக்கினால், கேட்டுக்கொண்டிருக்கும் வங்கி மென்பொருள்காரரும் மருத்துவமனை மென்பொருள்காரரும் அன்று இரவே தங்கள் திரைகளைத் திறந்து பார்ப்பார்கள்.

‘மீனவர்’ என்று தேவைப் பட்டியலில் எழுதுவதே எவ்வளவு அகலமான சொல் என்பதை ஒக்கி புயல் காட்டியது. 2017 நவம்பர் இறுதியில் எச்சரிக்கை வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பல, கைபேசிக் கோபுரங்கள் எட்டாத தூரத்தில் இருந்தன. கரையில் எத்தனை செய்தி அனுப்பினாலும் அவர்களுக்குப் போகாது. அந்தப் பாடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் ஜெமினி கருவி 2019ல் வந்தது. படகில் உள்ள கருவி செய்தியை வாங்கி ப்ளூடூத் வழியே கைபேசிக்குத் தரும். ஆனால் படகிலிருந்து திரும்பப் பேச அதில் வழியில்லை. ஆழ்கடல்காரருக்கு அவசியமான இந்தக் கருவி பழவேற்காட்டு ஏரிக்காரருக்குத் தேவையே இல்லை; அவர் கரைக்கு அருகிலேயே இருக்கிறார். கேரளத்தில் கைபேசி வந்தபின் மத்தி மீன் விலை எப்படிச் சீரானது என்று ராபர்ட் ஜென்சன் 2007ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வைச் சுட்டி, தொழில்நுட்பம் எல்லா மீனவருக்கும் உதவும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் அங்கே உதவியது யாரும் வடிவமைத்துக் கொடுத்த ஆப் இல்லை, ஒரு சாதாரண அழைப்பு. எந்தத் துறைமுகத்தில் யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். நாம் எழுதும் படிவங்களும் பட்டன்களும் அந்தத் தீர்மானத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன என்பதால் நம் பொறுப்பு கூடுகிறது.

அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்குப் பழவேற்காட்டின் பாடு முறைதான் சரியான எடுத்துக்காட்டு. முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில், வற்று நீரோடு கடலுக்கு இறங்கும் இறாலைச் சுத்து வலை கட்டிப் பிடிக்கிறார்கள். நல்ல இடங்கள் கொஞ்சம், ஆட்கள் நிறைய. அதனால் யார் எந்த நாள் எந்த இடத்தில் கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கிறது. செபாஸ்டியன் மேத்யூ இதைப் பற்றி எழுதிய ஆய்வை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1991ல் வெளியிட்டது. முறை வைப்பதற்கு ஒரு நிரல் எழுதச் சொன்னால் நம்மில் யாரும் ஒரு மாலையில் எழுதிவிடுவோம்: உறுப்பினர் பட்டியல், இடங்களின் பட்டியல், நாட்காட்டி, ஒரு குலுக்கல் கட்டளை. அந்த எளிமையில்தான் ஆபத்து. ஊர் நடுவில் எல்லோர் கண்முன்னும் எடுக்கும் சீட்டை எல்லோரும் சரிபார்க்கலாம். கணினி தரும் குலுக்கல், ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டு வருவது. அந்த எண்ணை அறிந்தவருக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். ஊர் நடுவில் நிற்பவர் எவரும் அதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாது. வேகமும் ஒழுங்கும் கூடும், நம்பிக்கை குறையும்.

ஆனால் பாடு முறையைப் புனிதமாக்கி, அதைத் தொடவே கூடாது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பாடு எல்லோருக்குமானது கிடையாது. பரம்பரை மீனவச் சாதியைச் சேர்ந்த, ஊர்க் கணக்கில் தலைக்கட்டாகச் சேர்ந்த ஆண்களுக்கு உரியது; வேறு பலர் நல்ல இடங்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். பாடு உள்ளவரும் இல்லாதவரும் ஏரியின் மாற்றங்களை எப்படி வெவ்வேறாக எதிர்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி சாரா கூல்தார்ட் 2008ல் எழுதியிருக்கிறார். இந்தப் பட்டியலை அப்படியே டேட்டாபேஸில் ஏற்றினால், ஊரில் சண்டையும் சமாதானமுமாக மெல்ல மாறிக்கொண்டிருக்கும் ஒன்று, மாறாத அட்டவணையாக உறைந்துவிடும். பழவேற்காடு, எண்ணூர் நீர்நிலைகளில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் படகு கிடையாது, பெரிய வலையும் கிடையாது. ஒரு பறியும் இரண்டு கையும்தான். மீனவர் பதிவுப் படிவத்தில் ‘படகு எண்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு டெவலப்பர் சிவப்பு நட்சத்திரம் போட்டு, அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி செய்தால், அந்த இருளர்கள் மீனவர் இல்லை என்று அவர் தீர்ப்பளித்துவிட்டார். அவருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது. தரவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். நட்சத்திரத்தை எடுக்க ஒரு வினாடி போதும். எடுக்க வேண்டும் என்று தெரிய, ஏரியில் யாரெல்லாம் இறங்குகிறார்கள் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதி வைத்துவிடலாமே, எதற்குக் கூட்டம் என்று கேட்பார்கள். டென்மார்க் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985ல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல விடை. நிரல் என்பது அதன் வரிகளில் மட்டும் இல்லை; அந்த வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன, உலகின் எந்தப் பகுதிக்குப் பொருந்துகின்றன என்று எழுதியவர்களின் மனதில் உருவாகும் புரிதலே நிரல் என்றார். அந்தப் புரிதலை ஆவணம் முழுமையாகச் சுமக்காது, கூட வேலை செய்தவரிடமிருந்தே பெற முடியும் என்பது அவர் கருத்து. நட்சத்திரக் குறி எடுக்கப்பட்டது என்பது நிரலின் மாற்றக் குறிப்பில் ஒரு வரியாக இருக்கும். யாருக்காக, எந்த விவாதத்துக்குப் பின், எதை இழந்து எடுக்கப்பட்டது என்பது இருக்காது. கூட்டத்தில் கேள்வி கேட்கும்போதுதான் அது வெளியே வரும். பல நேரம் பேச்சாளருக்கே அப்போதுதான் தெளிவாகும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கிறது. ஒரு கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று இன்று யாரும் மேடையில் நின்று விளக்க வேண்டியதில்லை; கேட்டால் திரை சொல்லிவிடும். அதனால் மாநாடுகளின் காலம் முடிந்தது என்கிறார்கள் சிலர். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. மாநாட்டுப் பேச்சுகளில் எளிதாகக் கிடைக்கும் பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டதால், மிஞ்சிய பாதியின் மதிப்பு கூடியிருக்கிறது. இணையத்தில் எழுதப்படாத ஒன்றை அந்த இயந்திரம் படித்திருக்க முடியாது. பழவேற்காட்டு முகத்துவாரம் அடைபட்டால் ஒரு ஆப்பின் எந்தப் பக்கம் பயனற்றுப் போகிறது என்பது இணையத்தில் இல்லை. மீனவர் பதிவுக்குப் படிவம் எழுதித் தரச் சொன்னால், அது படகு எண்ணைக் கேட்கும், நட்சத்திரமும் போடும். உலகின் பெரும்பாலான படிவங்கள் அப்படித்தான் இருக்கின்றன.

இப்படித் தோல்விகளைப் பற்றிப் பேசும்போது நிறுவன ரகசியம் என்ற தடையை எளிதாக ஒதுக்க முடியாது. வாடிக்கையாளருக்காக எழுதிய மென்பொருள் எங்கே தோற்றது என்று பொதுமேடையில் சொன்னால் வேலைக்கே ஆபத்து வரலாம். ஆனால் தோல்வியின் வடிவத்தைச் சொல்ல நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. எழுபது குறியைத் தாண்டி உடைந்த செய்தி யாருடைய சர்வரிலிருந்து போனது என்று தெரியாமலேயே அதிலிருந்து கற்றுக்கொள்ள முடிகிறது. விமானத் துறையில் விமானிகள் பெயர் வெளியாகாமல் தவறுகளைப் பதிவுசெய்யும் ஏற்பாடு அமெரிக்காவில் 1976 முதல் நடக்கிறது. நம் தொழிலில் அதற்கு இணையான அரங்காக இருக்க வேண்டியவை இந்தச் சமூகக் கூட்டங்கள்தான்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் நடக்கும் கூட்டங்களிலும் பெரும்பாலும் ஆங்கிலமே மேடை மொழி. வெளி மாநிலத்தவர் வருகிறார்கள், கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்ற காரணங்கள் தேசிய மாநாட்டுக்குப் பொருந்தும், மாதக் கூட்டத்துக்குப் பொருந்தாது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. காஞ்சி லினக்ஸ் குழு தமிழிலேயே பேசுகிறது. சர்வர், டேட்டாபேஸ், பக் என்ற சொற்களைத் தமிழ் வாக்கியத்துக்குள் வைத்துப் பேசுவது அலுவலகத்தில் தினமும் நடப்பதுதான். தமிழில் பேசுவதால் கிடைக்கும் பெரிய லாபம் வேறு: மென்பொருளைப் பயன்படுத்துபவரும் அந்த அறையில் உட்கார்ந்து, ‘அது அப்படி இல்ல’ என்று இடைமறித்துச் சொல்ல முடியும். கடற்கரையைப் பற்றிய பேச்சில் கடலோடி ஒருவர் கேள்வி கேட்க முடியாவிட்டால், பேச்சாளர் சொல்வதைச் சரிபார்க்க அங்கே யாருமே இல்லை என்று பொருள்.

ஆகவே நடைமுறையில் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பேச்சுகளைத் தேர்ந்தெடுக்கும் குழு, விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும்: இந்த நிரலை யார் பயன்படுத்தினார், எங்கே அது அவருக்கு உதவவில்லை? பதில் இல்லாத பேச்சுகளுக்கும் இடம் இருக்கட்டும். ஆனால் பதில் உள்ளவற்றுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுக்கட்டும், அதில் பாதி கேள்விகளுக்கு. வருடத்தில் ஒரு கூட்டமாவது பயனர் இருக்கும் ஊரில் நடக்கட்டும். பழவேற்காட்டில் என்றால், பிடித்ததை விற்று முடித்து ஆட்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தைக் குப்பத்துக்காரர்களிடமே கேட்டு வைக்க வேண்டும். வலைக்குப் போகும் நேரத்தில் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று சொல்லக் கூடாது.

அப்படிப் போகும்போது ஒரு விஷயத்தில் நம் வழக்கத்தை நாமே நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கும். கட்டற்ற மென்பொருளில் வளர்ந்த நமக்கு, பேசியதையெல்லாம் பதிவுசெய்து அன்றே பொதுவில் ஏற்றுவது இயல்பு. அறிவு எல்லோருக்கும் பொது என்று நம்புகிறோம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த ஓடையில் எந்த நீரோட்டத்துக்கு நண்டு ஏறும் என்பது ஏரிக்காரருக்குப் பிழைப்பு. அதைக் கேள்வி நேரத்தில் அவர் நம்மை நம்பிச் சொல்லலாம். காணொளி மறுநாளே யாருடைய கைக்கும் போகும். அவரைவிடப் பெரிய படகும் பணமும் உள்ளவர் கைக்கும் போகும். எனவே ஒலிவாங்கியைக் கொடுக்கும் முன், எது பதிவாகும், எது அறைக்குள் நிற்கும் என்று பேசியவரையே கேட்டு முடிவுசெய்ய வேண்டும். எடிட்டிங்கின்போது அவர் சொன்ன இடத்தை வெட்டவும் வேண்டும். இதற்கான விதிமுறை நம் மாநாடுகளின் நடத்தைக் கையேடுகளில் இன்னும் சேர்க்கப்பட வேண்டியிருக்கிறது. அதை எழுதும் குழுவில் ஏரிக்கரையிலிருந்து இரண்டு பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பாடு இல்லாதவராக இருக்க வேண்டும்.